பீரோவுக்குள் ஒரு மைக்

புடவைகள் தொங்கும் பீரோவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு காமெடி பேசுவது லேசுப்பட்ட காரியமில்லை. அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறும். பட்டுப்புடவைத் தலைப்பு காதை உரசும். வெளியே அக்னி நட்சத்திரம் கொளுத்தும். ஃபேன் போட்டால் அதன் உறுமல் பதிவாகிவிடும் என்பதால் அதையும் நிறுத்தியிருப்பேன். சாலிகிராமத்தில் எங்கள் ஃபிளாட்டில் எதிரொலிக்காத இடம் அது ஒன்றுதான். வெற்றுச் சுவரும் மொசைக் தரையுமான ஹாலில் பேசினால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். எதிரொலியைத் துணிதான் வாங்கிக்கொள்ளும். அதிலும் இரும்பு பீரோவில் ஒரு வில்லங்கம் உண்டு, கதவுத் தகடு அதிரும். அதனால் கதவின் மேல் ஒரு பவானி ஜமக்காளத்தைப் போர்த்தி, நடுவில் என் தலையை மட்டும் உள்ளே விட்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மாமியார் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் என் கணவரிடம் அவர் கேட்டது எனக்கே காதில் விழுந்தது: "அவ யார்கிட்டடா பேசுறா?"

நியாயமான கேள்வி. பதில் தெரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது என் தோழி பாளையங்கோட்டையில் இருந்தாள். சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனவள் அப்படியே அங்கே மாட்டிக்கொண்டாள். கல்யாணமும் தள்ளிப்போய்விட்டது, திரும்பி வர பஸ்ஸும் இல்லை. இருவரும் சென்னையில் ஒரே அலுவலகத்தில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவர்கள். பேச்சு நிற்கவில்லை, போனுக்கு மாறியது, அவ்வளவுதான். சன் டிவியில் 'மெட்டி ஒலி'யைத் திரும்பப் போட ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஐந்து சகோதரிகளின் மாமியார்களை வரிசையாக எடுத்துவைத்து விமர்சிப்பதே எங்கள் ராத்திரி வேலை. போன் ஸ்பீக்கரில் இருக்கும். ஒருநாள் என் கணவர் லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னார்: "இத ரெக்கார்ட் பண்ணி எங்கயாவது போடுங்க. நாலு பேராவது கேக்கட்டும். நான் ஒருத்தனே கேட்டுட்டு இருக்கேன்."

சினிமா, சீரியல், விளம்பரம், அதோடு வீட்டில் நடப்பது. இதுதான் எங்கள் பாட்காஸ்ட். நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வைத்தபோதே சுமார் பெயர், வருஷம் போகப் போக இன்னும் சுமாராகிவிட்டது. ஸ்பாட்டிஃபை 2019இல்தான் இந்தியாவுக்கு வந்திருந்தது. ஆங்கர் என்ற செயலியும் அதே வருஷம் அவர்கள் கைக்குப் போயிருந்தது. அப்போது அதில் பதிவேற்றினால் பைசா செலவில்லாமல் பல தளங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஸ்டூடியோ வேண்டாம், ஸ்பான்சர் வேண்டாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். வாய் மட்டும் போதும், அது இரண்டு பேரிடமும் தாராளமாக இருந்தது.

போனில் பேசுவதை அப்படியே பதிவு செய்தால் அவள் குரல் தகரத்தில் உரசியது மாதிரி வந்தது. அதற்கு ஒரு வழி உண்டு. போனில் பேசிக்கொண்டே இருக்க வேண்டியது. கூடவே ஆளுக்கொரு கருவியில் அவரவர் குரலை மட்டும் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டியது. பிறகு இரண்டையும் ஒன்று சேர்க்க வேண்டும். சேர்க்க ஓர் அடையாளம் வேண்டுமே? அதற்காகத் தொடக்கத்தில் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் கை தட்டுவோம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டு பதிவையும் மேலும் கீழுமாக வைத்தால், அந்தக் கைதட்டு இரண்டிலும் ஒரு முள் மாதிரி நிமிர்ந்து நிற்கும். முள்ளுக்கு நேராக முள்ளை நகர்த்திவிட்டால் பாளையங்கோட்டையும் சாலிகிராமமும் ஒரே அறைக்கு வந்துவிடும். வாட்ஸாப்பில் ஆடியோவாக அனுப்பினால் நசுங்கிப் போகும் என்பதால் அவள் கூகுள் டிரைவில் ஏற்றுவாள். அவள் தெருவில் சிக்னல் பிடிக்க மொட்டைமாடிக்குப் போக வேண்டும். ஏற்றி முடிக்கும்வரை வடாகத்துக்குக் காவலும் அவள்தான்.

அவள் பதிவில் பின்னணியில் எப்போதும் அவளுடைய ஆச்சி இருப்பார். "ஏளா, யார்ட்ட இவ்ளோ சத்தம் போடுத?" என்று ஒரு குரல் நடுவில் வரும். என் பக்கம் குக்கர் விசில், காக்கை, தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். முதலில் இவற்றையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தோம். ஆச்சியை ஒரு வாரம் வெட்டாமல் விட்டதும், அடுத்த வாரம் கேட்பவர்கள் 'பாட்டி எங்கே' என்று கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் நிகழ்ச்சியில் முதலில் ரசிகர்கள் சேர்ந்தது ஆச்சிக்குத்தான்.

சத்தத்தைச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது நிசப்தம். மேடையில் ஸ்டாண்ட்-அப் பேசுகிறவருக்கு ஒவ்வொரு வரிக்கும் தீர்ப்பு உடனே வந்துவிடும். சிரித்தால் சிரிப்பு, இல்லாவிட்டால் இருமல். எஃப்எம் தொகுப்பாளருக்கு நேயர் அழைப்பாவது வரும். பீரோவுக்குள் ஒன்றும் வராது. ஜோக் சொன்ன பிறகும் புடவைகள் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் கண்ணால் பார்க்காமல் காதால் கேட்டுச் சிரிப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. நான் வளர்ந்தது கும்பகோணத்தில். கோயில் திருவிழா என்றால் குழாய் ஸ்பீக்கரில் 'திருவிளையாடல்' வசன கேசட் ஓடும். 1965இல் வந்த படம், நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு. தருமியாக நாகேஷ் புலம்புவதை நான் முதலில் கேட்டேன், பல வருஷம் கழித்துத்தான் பார்த்தேன். பார்த்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. என் மனதில் இருந்த தருமி இன்னும் ஒல்லி. வானொலியில் ஒலிச்சித்திரம் என்று முழுப் படத்தையும் காதுக்கே சுருக்கிக் கொடுப்பார்கள். அப்பா ஈஸிசேரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஜோக் வருவதற்கு ஒரு வரி முன்னாலேயே சிரித்துவிடுவார். 'இப்பப் பாரு, இப்பப் பாரு' என்று வேறு சொல்வார், பார்க்க அங்கே ஒன்றுமே இல்லாவிட்டாலும்.

நாடக கேசட்டுகளும் வீட்டில் இருந்தன. அவற்றில் அரங்கத்தின் சிரிப்பும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். திரைப்பட வசன கேசட்டில் அது இருக்காது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்ட எனக்கு ஒன்று அப்போதே புரிந்திருந்தது: அரங்கம் சிரித்தால் நாமும் சிரிக்கிறோம், ஆனால் கொஞ்சம் சோம்பலாக. சிரிப்பே இல்லாத கேசட்டில் எங்கே சிரிக்க வேண்டும் என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். கிரேஸி மோகன் வசனமெழுதிய 'மைக்கேல் மதன காமராஜ'னைத் தியேட்டரில் பார்த்தவர்கள் பாதியைத் தவறவிட்டிருப்பார்கள், முந்தைய வரிக்கு எழுந்த சிரிப்பில் அடுத்த வரி மூழ்கிவிடும். கேசட்டில் ரீவைண்ட் பண்ணலாம். அந்த மனிதருக்கு நியாயம் செய்தது டேப் ரெக்கார்டர்தான் என்பது என் கட்சி.

நாங்கள் அதிகம் சண்டை போட்ட எபிசோடும் இதைப் பற்றியதுதான். கவுண்டமணி காதுக்கு, வடிவேலு கண்ணுக்கு என்று ஆரம்பித்தேன். 'கரகாட்டக்காரன்' 1989இல் வந்தது. அந்த வாழைப்பழக் காட்சியை எழுதியவர் ஏ. வீரப்பன், நகைச்சுவைப் பகுதிகளைத் தனியாக எழுதிக்கொடுத்த கலைஞர். அந்தக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஒன்றும் குறையாது. இரண்டு பழம், ஒரு ரூபாய், ஒரு கணக்குத் தகராறு. எல்லாமே பேச்சில் இருக்கிறது. 'வின்னர்' கைப்புள்ளை அப்படியா? அந்த நடை, அந்தக் கால், அடி வாங்கப்போகும் முன் முகத்தில் வரும் அந்த அலட்சியம். இதையெல்லாம் ஆடியோவில் எப்படிச் சொல்வது?

தோழி விடவில்லை. "வடிவேலு அழுகதுக்கு மூஞ்சி எதுக்குளா? சத்தம் போதாதா?" என்றாள். பிறகு நேசமணியை இழுத்தாள். 2001இல் வந்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தில் நேசமணியாக வரும் வடிவேலு தலையில் ஒரு சுத்தியல் விழுகிறது. 2019 மே மாதம் பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு 'உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்' என்று கேட்டார்கள். நம்மூர் இன்ஜினியர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, இதுதான் காண்ட்ராக்டர் நேசமணி தலையில் விழுந்தது என்றும் எழுதப்போக, சீக்கிரமே உலகம் நேசமணிக்காகப் பிரார்த்தித்தது. பிரதமர் பதவியேற்பு நடக்கவிருந்த நேரத்தில் ட்விட்டரில் நேசமணியின் உடல்நிலைதான் தலைப்புச் செய்தி. "அதுல வடிவேலு மூஞ்சி எங்க இருந்துச்சு? எழுத்துதான? பேரைக் கேட்டதுமே சிரிச்சான்லா எல்லாவனும்?" பதில் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் என் கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை.

சினிமாவைப் பற்றி இவ்வளவு பேசினோமே தவிர ஒரு பாட்டுத் துணுக்குகூடப் போட முடியாது, காப்புரிமை. 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போன ஊர் இது, பீரோக்காரர்கள் எம்மாத்திரம்? ஆகவே பாட்டைப் பாடாமல் பாட்டைச் சொல்வோம். 'வயலின் வருமே, அதுக்கப்புறம் அந்தப் புல்லாங்குழல் சுத்திக்கிட்டுப் போகுமே' என்று இவள் சொல்ல, 'ஆங், அதேதான்' என்று நான் சொல்ல, கேட்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். கடைசிவரை அது எந்தப் பாட்டு என்று சொல்லமாட்டோம். அதுவே ஒரு பகுதியாகிவிட்டது.

பாப் கல்ச்சர் சமாசாரத்தில் ஒரு தொந்தரவு, அது சீக்கிரம் ஊசிப்போகும். 2020 அக்டோபரில் பிக்பாஸ் நான்காவது சீசன் ஆரம்பித்ததும் விழுந்து விழுந்து எபிசோடு போட்டோம். போட்ட வாரம் அவைதான் அதிகம் கேட்கப்பட்டன. இன்றைக்கு அவற்றை நானே கேட்டால் பாதிப் பேர் யாரென்று நினைவில்லை. கல்யாணப் பந்தியைப் பற்றிப் பேசியதோ இன்னும் யாராவது கேட்டுவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இரண்டாம் பந்திக்கு இடம் பிடிக்க, சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் ஆள் வந்து நிற்பாரே, அதைத்தான் பேசினோம்.

"அவர் கை நம்ம நாற்காலி மேல இருக்கும்டீ. நாம ரசத்துக்கு வந்ததும் ஒரு பெருமூச்சு விடுவார்."

"பெருமூச்சு மட்டுமா? எங்க ஊர்ல வாய்விட்டே கேப்பாவ. 'மோர் வந்துட்டுல்லா?'ன்னு."

"ரெண்டாந்தடவ பாயசம் கேட்டா?"

"பரிமாறுதவன் வாயத் தெறக்கதுக்கு முன்னாடி பின்னாடி நிக்கவரே இல்லன்னு சொல்லிருவாரு."

இதற்கு நாங்கள் எதையும் யோசிக்கவில்லை. யோசித்து எழுதிவைத்துக்கொண்டு பேசியவை எல்லாம் பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகம் போலிருந்தன. எழுதுவது பேசிய பிறகுதான். ஒரு மணி நேரப் பேச்சை முப்பது நிமிடமாக்கும்போது, எந்த வரிக்கு முன் எதை எடுப்பது, பதிலை எவ்வளவு சீக்கிரம் வர விடுவது என்று பார்ப்பதுதான் எழுத்து. நான் பேனாவால் எழுதியதைவிடக் கத்தரியால் எழுதியது அதிகம்.

அந்தக் கத்தரியில்தான் மாமியாரின் கேள்விக்கும் பதில் கிடைத்தது. மௌனத்தைத் தானாகவே கண்டுபிடித்து நறுக்கும் வசதி ஒன்று ஆடாசிட்டியில் உண்டு. ஒரு பொத்தானை அமுக்கினால் இழுவை எல்லாம் போய் எபிசோடு இறுகிவிடும். நேரம் மிச்சமாகுமே என்று ஒருநாள் அதைப் போட்டேன். கேட்டால் தோழி தோழியாகவே இல்லை. டிவியில் டப்பாவிலிருந்து எடுத்துவிடும் சிரிப்பு மாதிரி இருந்தது. அவள் சிரிக்கும் விதம் அப்படி: முதலில் சத்தமே வராது. ஒன்றிரண்டு வினாடி மூச்சுகூடக் கேட்காது. பிறகு மொத்தமாக உடைந்துகொண்டு வரும். மென்பொருள் அந்த ஒன்றிரண்டு வினாடியை வேண்டாத மௌனமென்று தின்றுவிட்டது.

பழைய கோப்பைத் திறந்து மறுபடி கேட்டேன். கைப்பிடி அளவு மௌனம், அப்புறம் சிரிப்பு. பாளையங்கோட்டையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் அவ்வளவு தடவை பார்த்திருக்கிறேன். நான் பீரோவுக்குள் உட்கார்ந்து எதற்காகப் பேசிக்கொண்டிருந்தேனோ, அது அந்த மௌனம். தெரியாத ஆயிரம் பேருக்கு எதைச் சொன்னால் சிரிப்பு வருமென்று யாருக்குத் தெரியும்? இவளுக்கு எதைச் சொன்னால் பேச்சு நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஜோக் நன்றாக இருக்கிறதா என்று நான் யாரையும் கேட்டதில்லை. ஆடாசிட்டியில் அவள் பதிவின் தடத்தில் கோடு தட்டையாகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

வீட்டு விஷயத்தைப் பேசினால் வீட்டிலிருந்து எதிர்வினை வராமல் இருக்காது. போனை வைக்கும் கலையைப் பற்றி ஒரு எபிசோடு. அம்மா 'சரி, வச்சுடறேன்' என்று சொன்ன பிறகுதான் உண்மையான சேதி ஆரம்பிக்கும். யார் வீட்டில் வளைகாப்பு, யாருக்கு பைபாஸ், எல்லாம் அதற்கப்புறம்தான். சித்தி வழியாக வாட்ஸாப்பில் அது கும்பகோணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மா போன் பண்ணினாள். "என்னப் பத்தித்தான் ஊர் முழுக்கப் பேசுறியாமே" என்று குறைப்பட்டாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். "சரி, வச்சுடறேன்" என்றாள். பிறகு, "ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்று எதிர் வீட்டுக்காரர் காஸ் சிலிண்டர்க்காரரோடு போட்ட சண்டையை ஆதியிலிருந்து சொன்னாள். முடிவில், "வேணும்னா இதப் பேசு. என் பேரு வராம பாத்துக்க" என்றாள். வாராவாரம் அங்கிருந்து சரக்கு வர ஆரம்பித்தது. தரம் என்னுடையதைவிட மேல்.

பெண்களுக்குக் காமெடி வராது என்று எழுதிப்போடுகிறவர்களும் தவறாமல் வந்தார்கள். ஒருவர் மிக நீளமாக எழுதியிருந்தார். தோழி அதை அப்படியே படித்துவிட்டு, டி.ஏ. மதுரம், மனோரமா, கோவை சரளா என்று மூன்று பெயரைச் சொல்லி, "இவ்வோ மூணு பேரும் ஒங்க வீட்டுப் பக்கம் வரவே இல்லையாக்கும்" என்றாள். அதோடு சரி. அதற்கு மேல் அந்த விஷயத்துக்கு நேரம் ஒதுக்கியதில்லை.

2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை. நடிகர் விவேக் இறந்துபோனார். முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து அவர் வீடு அதிக தூரமில்லை. காலையிலிருந்து போலீஸ் வண்டிகளும் ஆட்களும். மாலையில் காவல்துறை மரியாதையோடு தகனம் நடந்தது. கொரோனா இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம், மாடியிலிருந்து பார்த்ததோடு சரி. ராத்திரி எங்களுக்குப் பதிவு நாள். ரத்து செய்துவிடலாம் என்றேன். "வேண்டாம்ளா, காட்சியளச் சொல்லுவோம், வேற ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம்" என்றாள். அப்படியே செய்தோம். அஞ்சலி வார்த்தை ஒன்றும் கிடையாது. 'ரன்' படத்துக் காக்கா பிரியாணியில் ஆரம்பித்தோம், 'சாமி'க்குப் போனோம். கலாம் சொன்னதற்காக அவர் ஊர் ஊராக மரம் நட்டதைக் கொஞ்சம் பேசினோம். நடுவில் அவள் பேச்சு நின்றது. சிரிப்பு வருவதற்கு முந்தைய மௌனமென்று நினைத்துக் காத்திருந்தேன். வந்தது சிரிப்பில்லை. அந்த இடத்தை நான் வெட்டவில்லை, நீளமாகவே இருக்கிறது.

அந்த மே மாதம் கிளப்ஹவுஸ் என்ற பேச்சுச் செயலி ஆண்ட்ராய்டிலும் வந்தது. ஊரே அதில் ஏறி விடிய விடியப் பேசியது. எங்கள் கேட்பு எண்ணிக்கை சரிந்தது, சில மாதத்தில் திரும்பி வந்தது. அதன்பிறகுதான் நிஜமான மாற்றம் வந்தது. பாட்காஸ்ட் என்றாலே யூடியூபில் பார்ப்பது என்றாகிவிட்டது. சோபா, பின்னால் நியான் விளக்கு, முகத்தை மறைக்கும் அளவுக்கு ஒரு மைக். நாங்களும் ஒரு தடவை கேமரா வைத்துப் பார்த்தோம். தலைவாரிக்கொண்டு உட்கார்ந்ததுமே இருவரும் பேட்டி கொடுக்க ஆரம்பித்துவிட்டோம். அவள் வாயைப் பொத்திக் குனிந்தால், படம் பார்ப்பவருக்கு அது சிரிப்பென்று உடனே தெரிந்துவிடுகிறது, காத்திருக்க ஒன்றுமில்லை. அதைப் போடவில்லை.

ஒரு கல்லூரியில் கூப்பிட்டார்கள் என்று மேடையிலும் பதிவு செய்தோம். பிள்ளைகள் நன்றாகச் சிரித்தார்கள். நாற்காலிப் பெருமூச்சுக்காரரைப் பற்றிச் சொன்னபோது விசில் வந்தது. வீட்டில் வந்து போட்டுக் கேட்டால், அந்த இரைச்சலுக்கு நடுவில் இவள் எங்கே சிரித்தாள் என்றே தெரியவில்லை. "நாம ரெண்டு பேரும் கத்திக்கிட்டே இருந்திருக்கோம்" என்றாள் அவளும்.

இப்போது அவள் ஷார்ஜாவில் இருக்கிறாள். நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். எனக்கு ராத்திரி பத்தரை, அவளுக்கு ஒன்பது. மைக் மாறிவிட்டது, பீரோ மாறவில்லை. ஆச்சி இப்போது ஸ்பீக்கரில் வருகிறார், பாளையங்கோட்டையிலிருந்து தனித் தடமாக. ஒரே சங்கடம், நெட். இந்தப் பக்கம் பேசி அந்தப் பக்கம் சேர்வதற்குள் ஒரு நொடி போய்விடுகிறது, சில நாள் லைனே விட்டுப்போகிறது. அதனால் மௌனம் வந்தால் அது எந்த மௌனம் என்று எனக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. போன வாரம் அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவில் லிஃப்ட்டுக்காக நடந்த போரைச் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. காத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன்.

"ஏய், லைன்ல இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஜோக்குதான் நல்லால்ல."